மாநகரின் பெரும்பொழுதும் சிறுபொழுதும்

முன்னுரை

படிப்பை முடித்துச் சென்னைக்குப் புறப்படும் இளைஞனை வழியனுப்ப வரும் உறவினர் அனைவரும் தவறாமல் சொல்லும் தொடர் ஒன்று உண்டு. கெங்கவல்லிப் பேருந்து நிறுத்தத்திலும் ஆத்தூர் இரயில் நிலையத்திலும் அதனை நாம் பன்முறை கேட்டிருக்கிறோம். ‘பார்த்து இருப்பா’ என்பதே அத்தொடர். எச்சரிக்கையாக இரு என்பது அதன் வழக்குப் பொருள். அதன் சொற்பொருளோ வேறு. கண்ணைத் திறந்து சுற்றிலும் உள்ளதைக் காண் என்பதே ‘பார்த்தல்’ என்னும் வினை தரும் நேர்ப்பொருளாகும். முதற்பொருளை நம் பிள்ளைகள் நன்கு கற்றுக்கொண்டனர். இரண்டாம் பொருளை நாம் அவர்களுக்குக் கற்பித்தோமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நம் துறையில் இளங்கலை முடித்த மாணவர் ஒருவர் சென்னையில் வேலை கிடைத்துச் சென்றார். நாற்பதாம் நாள் பெட்டியோடு ஊர் திரும்பினார். ஊதியம் குறைவா, உடல்நலக் குறைவா என்று வினவினோம். அவர் சொன்ன விடை நம்மை நெடுநாள் உறுத்தியது. “ஊரெல்லாம் கூட்டந்தானுங்க ஐயா. ஆனா எனக்குன்னு அங்க ஒண்ணுமே இல்லீங்க” என்றார். தங்கும் அறை, வேலையிடம், உணவகம் ஆகிய மூன்றையும் தவிர நான்காவது இடம் எதனையும் அவர் மிதிக்கவில்லை.

அம்மாணவர் மதுரைக்காஞ்சி பயின்றவர். அதில் நல்ல மதிப்பெண்ணும் பெற்றவர். ஒரு மாநகரின் பகலையும் இரவையும் இன்னின்னவாறு காண்க என்று கைப்பிடித்துக் காட்டும் அப்பாட்டைத் தேர்வுக்குரிய பாடமாக மட்டுமே நாம் நடத்தியிருந்தோம். அக்குறை நம்முடையது. அதனைத் தீர்த்துக்கொள்ளும் முயற்சியாகவே, பழந்தமிழர் வகுத்த பெரும்பொழுது, சிறுபொழுது என்னும் பாகுபாட்டைக் கொண்டு இன்றைய சென்னை மாநகரை ஈண்டு நோக்குகின்றோம்.

நிலமும் பொழுதும்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தொல்காப்பியம் கற்றார் அறிந்ததே. ஓராண்டின் பிரிவு பெரும்பொழுது. ஒரு நாளின் பிரிவு சிறுபொழுது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் எனப் பெரும்பொழுது ஆறு. ஆவணி தொடங்கி இவ்விரு திங்களாக இவை அமையும். காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை எனச் சிறுபொழுதும் ஆறு. சிறுபொழுதை ஐந்தாகக் கொள்வாரும் உளர்.

இப்பாகுபாட்டை மலைக்கும் காட்டுக்கும் வயலுக்கும் பொருத்திக் காட்டுவது நம் வகுப்பறை வழக்கம். நகருக்குப் பொருத்திப் பார்ப்பது அரிது. ஆயினும் நகருக்கும் நிலம் உண்டு, பொழுது உண்டு. பெருங்காப்பியத்தில் வருணிக்கப்பட வேண்டியவற்றை அடுக்கும் தண்டியலங்காரம், வளநகரைச் சொன்ன கையோடு பருவத்தையும் சொல்கிறது. நகரும் பருவமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டியவை என்பதை அவ்வைப்புமுறையே உணர்த்துகிறது எனலாம்.

சென்னை எத்திணை? கடற்கரை நகராதலின் நெய்தல் என்று கூறுதல் பொருந்தும். நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு. சென்னையில் ஒரு கோடை கழித்தவர் இதன் நுட்பத்தை உடலால் உணர்வர். பகலில் நிலம் கடலினும் விரைவாகச் சூடேறுகிறது. நிலத்தின் மேலுள்ள வெப்பக்காற்று மேலெழ, கடலின் குளிர்காற்று கரையேறி உள்ளே வருகிறது. மேற்குக் காற்று வலுத்து வீசும் நாள்களில் இக்கடற்காற்று காலந்தாழ்ந்து வரும். அந்நாள்களில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டுவதும் உண்டு. காற்று வந்தவுடன் தெருவே பெருமூச்சு விட்டாற்போல் இருக்கும். திண்ணையும் மாடியும் கடற்கரையும் உயிர்பெறுவது அப்போதுதான்.

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்பதையும் இங்கு நினைத்தல் தகும். தனித்து வந்த இளைஞன் அறையில் அமர்ந்து ஏங்குவதும் இரங்கலே. அவனுடைய தாய் கெங்கவல்லியில் மாலைதோறும் தொலைபேசி ஒலிக்காக ஆற்றியிருக்கிறாள். அவள் ஒழுக்கம் முல்லையின் இருத்தல். ஒரு குடும்பமே இரு திணையாகப் பிரிந்து நிற்கும் காலம் இது. இரங்கலைப் போக்கும் மருந்தும் அந்நெய்தல் நிலத்திலேயே உண்டு என்பதை மேல்வரும் பகுதிகளில் காண்போம்.

பழந்தமிழர் கண்ட நகரின்பம்

பத்துப்பாட்டுள் மிக நீண்டது மதுரைக்காஞ்சி. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை உணர்த்த மாங்குடி மருதனார் பாடியது. 782 அடிகளை உடையது. நிலையாமை உணர்த்த வந்த புலவர் நகரின் இன்பத்தை ஒதுக்கவில்லை. நாளங்காடியில் பூவும் நறுஞ்சுண்ணமும் வெற்றிலையும் பாக்கும் விற்போரைக் காட்டுகிறார். சங்கறுத்து வளையல் கடைவோர், மணிக்குத் துளையிடுவோர், பொன்னை உரைத்துப் பார்ப்போர், துணி விற்போர் ஆகியோர் நெருங்கி நிற்கும் தெருவைக் காட்டுகிறார். மாலையில் பூவும் புகையும் ஏந்திப் பௌத்தப் பள்ளிக்குச் செல்லும் குடும்பங்களும், அமணர் பள்ளியும், அறங்கூறும் அவையமும் அடுத்தடுத்து வருகின்றன. ஓண நன்னாளின் ஆரவாரமும் உண்டு. நள்ளிரவில் அடை விற்போர் கடையிலேயே அமர்ந்து தூங்கி விழுவதையும், கள்வரையும், அவரைத் தேடித் திரியும் ஊர்க்காவலரையும் அவர் விடவில்லை. விடியலில், வாடி உதிர்ந்த பூக்களை முற்றத்திலிருந்து பெருக்கித் தள்ளும் காட்சியும் இடம்பெறுகிறது. ஒரு நாள் முழுவதும் விழித்திருந்து நகரைப் பார்த்தவரின் பாட்டு அது.

நக்கீரரின் நெடுநல்வாடை நகரின் பருவத்தைக் காட்டுவது. கூதிர்க்காலத்தில் விசிறிகள் பயனற்றுத் தொங்குகின்றன. சாந்து அரைக்கும் கல் ஓய்ந்து கிடக்கிறது. மாடங்களின் சாளரக் கதவுகள் அடைபட்டுள்ளன. மக்கள் தீமூட்டிக் குளிர்காய்கின்றனர். வீட்டுப்புறா இரவு பகல் அறியாது மயங்கி நிற்கிறது. மழை வந்தால் ஒரு நகரத்து வீட்டில் எவ்வெப் பொருள் இடம்மாறும் என்று நுணுகிக் கண்ட கண் அது.

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலையில், முழுநிலா நாளில் கடலுக்குள் மீன்பிடிக்கச் செல்லாத பரதவர் உண்டும் ஆடியும் மகிழ்கின்றனர். கடலாடிய உப்பைப் போக்க ஆற்றிலும் நீராடுகின்றனர். இரவில் நகரத்து மாடங்களின் விளக்குகளைப் பரதவர் எண்ணுவதும் கூறப்படுகிறது. மாடத்தில் இருப்பவருக்கே உரியது அவ்வொளி என்று புலவர் கருதவில்லை. அது கண்டவர்க்கெல்லாம் உரியது.

மணிமேகலையின் விழாவறை காதை இன்னும் ஒருபடி மேற்செல்கிறது. இருபத்தெட்டு நாள் நிகழும் இந்திர விழாவை முரசறைந்து தெரிவிக்கும் வள்ளுவன், தெருக்களில் புதுமணல் பரப்புக, தோரணம் கட்டுக என்பதோடு நில்லான். சமயவாதிகள் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறி வாதிடுக என்கிறான். பகைவரைக் கண்டாலும் சினமும் பூசலும் கொள்ளாது விலகிச் செல்க என்கிறான். நகர் மகிழ வேண்டுமாயின் நகரில் உள்ளார் பகை மறக்க வேண்டும் என்பது இரண்டாயிரம் ஆண்டு நெருங்கிய பழமையுடைய தமிழ் மரபு காட்டும் நிபந்தனையாகும்.

இம்மரபைத் தம்முடையதாகவே ஏற்றவர் உமறுப்புலவர். பதினேழாம் நூற்றாண்டில் எழுந்த சீறாப்புராணத்தில் நாட்டுப் படலமும் நகரப் படலமும் உண்டு. அரபு நாட்டைத் தமிழ் மருதம்போல் மழையும் ஆறும் வயலும் சூழப் பாடி, மக்க மாநகரின் மாடங்களையும் வீதிகளையும் தமிழ்க் காப்பிய நெறி தழுவி அவர் வருணித்தார். தாம் காணாத நகரையும் அன்பினால் கண்டு பாடிய புலவரின் வழிவந்த நாம், கண்முன் உள்ள நகரைக் காணாதிருத்தல் தகுமோ?

சென்னையின் பெரும்பொழுது

இனி, இன்றைய சென்னையின் ஆண்டினைப் பருவ வரிசையில் நோக்குவோம்.

கார்காலமாகிய ஆவணி, புரட்டாசியில் பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி ஆலயத்தின் ஆண்டுவிழா ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை நடைபெறுகிறது. காவியுடை உடுத்திய அன்பர்கள் தொலைவிலிருந்து கால்நடையாக வருவர். 1639 ஆகஸ்டு 22ஆம் நாளை நகரின் பிறந்தநாளாகக் கொண்டு 2004 முதல் சென்னை நாள் கொண்டாடப்படுகிறது. பழைய தெருக்களின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டே நடக்கும் நடைப்பயணங்கள் அவ்வாரத்தில் நிகழ்வதுண்டு. புரட்டாசியில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதி கொலுப் பொம்மைகளால் நிறையும்.

கூதிர்காலமாகிய ஐப்பசி, கார்த்திகையே சென்னைக்கு உண்மையான மழைக்காலம். நகரின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையால் வருவது. தீபாவளிக்குத் தியாகராய நகர் இரங்கநாதன் தெருவில் குடைமேல் குடையாக மக்கள் நகர்வதைக் காண்பதே ஒரு காட்சி.

முன்பனியாகிய மார்கழி, தை சென்னையின் தலைப்பருவம். 1927இல் சென்னையில் கூடிய காங்கிரசு மாநாட்டையொட்டி நிகழ்ந்த இசை மாநாட்டின் விளைவாக 1928இல் மியூசிக் அகாதெமி தோன்றியது. தமிழிசைக்கு இடம் வேண்டி எழுந்த இயக்கத்தின் பயனாக 1943இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. மார்கழிக் கச்சேரி செல்வர்க்கு மட்டும் உரியது என்று அஞ்சுதல் வேண்டா. இளங்கலைஞர் பாடும் பகல் நிகழ்ச்சிகள் பலவற்றிற்கு நுழைவுக் கட்டணம் இல்லை. நாகசுர மேதை ஷேக் சின்ன மௌலானா 1998இல் மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றவர் என்பதை நம் மாணவர் அறிந்திருத்தல் நன்று. இசையின் வாயில் எவர்க்கும் திறந்ததே.

இப்பருவத்தில்தான் புத்தகக் கண்காட்சியும் வருகிறது. 1977இல் அது முதன்முதல் நிகழ்ந்த இடம் அண்ணா சாலையிலுள்ள மதரஸா-இ-ஆஸம் பள்ளி வளாகம். பின்னர்ப் பல்லாண்டுகள் காயிதே மில்லத் பெயர்தாங்கிய அரசு மகளிர் கல்லூரியில் நிகழ்ந்தது. அண்மை ஆண்டுகளில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடலில் நடைபெற்று வருகிறது. 2007இல் தொடங்கி இடையில் நின்று 2023இல் மீண்ட சென்னை சங்கமம், ஒயிலும் பறையும் கரகமும் ஆடும் நாட்டுப்புறக் கலைஞரை நகரத்துப் பூங்காக்களுக்கே அழைத்து வருகிறது. காணக் காசில்லை.

தைத்திங்களின் காணும் பொங்கலுக்கு மெரினாவில் கூடும் மக்கள் வெள்ளத்தை எவரும் மறவார். ‘காணும்’ என்னும் பெயரையே நோக்குக. ஒருவரை ஒருவர் காண்பதும், கடலைக் காண்பதும், கண்டதனால் மகிழ்வதும் அன்றி அவ்விழாவுக்கு வேறு சடங்கு இல்லை. அலை வலிய கடலாதலின் அன்று நீரில் இறங்கக் காவல்துறை தடைவிதித்துக் கரையில் வேலியிடுகிறது. அத்தடையை மதித்தல் கடமையாகும்.

பின்பனியில் மாசிமகத்துக்குத் தெய்வத் திருமேனிகள் கடற்கரைக்கு வரும். பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்துமூவர் விழாவின்போது வழியெங்கும் நீர்மோரும் உணவும் வழங்கப்படும். இளவேனிலில் தெருமுனைகளில் தர்ப்பூசணியும் நுங்கும் குவியும். மொட்டைமாடிகளில் வடாம் காயும். முதுவேனிலாகிய ஆனி, ஆடியில் அம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பர். அண்டாவைச் சுற்றிப் பாத்திரத்தோடு நிற்கும் பிள்ளைகளுக்குச் சாதியும் சமயமும் கேட்டு எவரும் கூழ் வார்ப்பதில்லை.

பிறை கொண்டுவரும் பொழுது

மேற்கூறிய விழாக்கள் பெரும்பாலும் தத்தம் பருவத்தை விட்டு அகலாதவை. ரமலான் அவ்வாறன்று. பிறையாண்டு ஏறத்தாழ 354 நாள் கொண்டது. எனவே நோன்புத் திங்கள் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னோக்கி வரும். ஏறக்குறைய 33 ஆண்டுகளில் அது ஆறு பெரும்பொழுதையும் சுற்றி வந்துவிடும். 2025இல் மாசி, பங்குனியில் நோற்ற நோன்பை 2005இல் புரட்டாசி, ஐப்பசியில் நோற்றோம். ஒரு மனிதன் தன் வாழ்நாளில் வெயிலிலும் மழையிலும் பனியிலும் நோன்பிருந்து, ஒரு நகரை எல்லாப் பருவத்திலும் அறியும் வாய்ப்பு இதனால் அமைகிறது.

2005ஆம் ஆண்டு நாம் ஆய்வியல் நிறைஞர் படிப்புக்காகத் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்சனில் தங்கியிருந்தோம். ஆறு திங்களாக நமக்குத் தெரிந்தவை அறை, மெஸ், நூலகம் ஆகிய மூன்றே. முன்னர்க் கூறிய மாணவர்க்கும் நமக்கும் வேறுபாடு இல்லை. அவ்வாண்டு அக்டோபரில் பெய்த பெருமழையில் நம் குடையின் கம்பி முறிந்தது. தெருமுனையில் குடை பழுதுபார்க்கும் முதியவரிடம் சென்றோம்.

“எந்த ஊரு தம்பி?” என்றார்.

“கெங்கவல்லிங்க பாய். ஆத்தூருக்குப் பக்கம்.”

“ஆறு மாசமா இந்த வழியாத்தான் போறீங்க, வரீங்க. ஒரு நாளும் நின்னதில்லையே?”

நம்மிடம் விடையில்லை. அவர் சிரித்துக்கொண்டே கம்பியை முறுக்கினார். “வெயில் காலத்துல என்னை யாரும் கண்டுக்க மாட்டாங்க. மழை பெஞ்சா நான்தான் இந்தத் தெருவுக்கு ராஜா. ஒவ்வொருத்தருக்கும் ஒரு சீசன் இருக்கு தம்பி. நோன்பு திறக்க ரூமுக்குப் போவாதீங்க. பெரிய பள்ளிக்கு வாங்க” என்றார்.

ஆற்காட்டு நவாப் குடும்பத்தாரால் 1795இல் கட்டப்பட்ட வாலாஜா பள்ளிவாசலைத்தான் அவர் பெரிய பள்ளி என்றார். அன்று மாலை ஆயிரக்கணக்கானோருடன் தரையில் அமர்ந்தோம். நோன்பாளிகளுக்கு உணவு பரிமாறியவர்களில் பலர் சூஃபிதார் என்னும் அறக்கட்டளையைச் சேர்ந்த இந்துக்கள். நாட்டுப் பிரிவினையின்போது சிந்து மாநிலத்தை விட்டு வந்தோர் வழியினர் அவருள் உளர். பல்லாண்டுகளாக அவர்கள் இப்பணியைச் செய்துவருகின்றனர். வள்ளுவன் முரசறைந்து கேட்ட நிபந்தனையை நாம் அன்று நேரில் கண்டோம்.

திங்களின் இருபத்தொன்பதாம் நாள் மாலை, பிறை தேடி மேன்சன் மொட்டைமாடிக்கு ஏறினோம். நாகர்கோயில் நண்பரும் பரமக்குடி நண்பரும் வேடிக்கை பார்க்க உடன் வந்தனர். அவர்கள் பக்கத்து அறையினர். ஆயினும் பெயர் கேட்டுக்கொண்டது அன்றுதான். மழைமேகத்தில் பிறை எங்களுக்குப் புலப்படவில்லை. எற்பாட்டின் கடற்காற்று மட்டும் வந்தது. அவ்விருவரும் இன்றளவும் நம் நண்பர்கள்.

சென்னையின் சிறுபொழுது

விழா இல்லாத நாளிலும் நகருக்கு அழகு உண்டு. அதனை அறிய ஒரு நாளை ஆறாகப் பகுத்துக் காணலாம்.

வைகறையில் பாங்கொலியும் கோயில் மணியும் அடுத்தடுத்து எழும். தெருமுனை விளக்கடியில் செய்தித்தாள் பிரித்து அடுக்கும் இளைஞர் அமர்ந்திருப்பர். காசிமேட்டில் படகுகள் கரைசேரும். காலையில் 1931 முதல் ஓடும் கடற்கரை–தாம்பரம் மின்வண்டித் தடம் நிறையும். நாள்தோறும் ஒரே பெட்டியில் ஏறுவோர் காலப்போக்கில் ஒரு குடும்பமாவர். ஒருவர் வராவிட்டால் மற்றவர் உசாவுவர். நண்பகல் வெயிலுக்கு 1896இல் திறக்கப்பட்ட கன்னிமரா நூலகமும், 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகமும் நிழல் தரும். எற்பாட்டில் கடற்கரை, சுண்டல் விற்கும் சிறுவன் குரலும் பட்டம் விடும் பிள்ளைகளும். மாலையில் கடைத்தெருவும் கச்சேரியும் கூட்டங்களும். யாமத்தில் கோயம்பேட்டுக்குச் சரக்குந்துகள் வரத் தொடங்கும்.

மதுரைக்காஞ்சி கண்ட நாளங்காடியும் அல்லங்காடியும் ஒருங்கே அமைந்தது கோயம்பேடு. கொத்தவால் சாவடியின் நெரிசலைத் தீர்க்க 1996இல் அது திறக்கப்பட்டது. ஊர் உறங்கும்போது விழித்திருந்து, ஊர் விழிக்கும் முன் அதற்கு உணவு தருவது அச்சந்தை. 2020 மே மாதத்தில் பெருந்தொற்றால் அது மூடப்பட்டபோதுதான், நகரின் உலை எங்கிருந்து கொதிக்கிறது என்பதைப் பலர் உணர்ந்தனர்.

நகரின்பமும் நம் உழைப்பும்

நம் வட்டாரத்து மாணவர் கோயம்பேட்டைக் காண வேண்டியதற்குத் தனிக்காரணம் உண்டு. சுவேத நதிக்கரையில், ஒருபுறம் கொல்லிமலையும் ஒருபுறம் பச்சைமலையும் தெரியும் வெளியில் விளைபவை நெல், மரவள்ளி, மக்காச்சோளம், மஞ்சள், பாக்கு, தேங்காய். நம் வயலின் மரவள்ளியே சேலத்து ஜவ்வரிசியாகிறது. 1981இல் தோன்றிய சேகோசர்வ் கூட்டுறவு வழியாக அது நாடெங்கும் செல்கிறது. 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது. இளவேனிலில் சென்னை மாடிகளில் காயும் ஜவ்வரிசி வடாம் நம் மண்ணின் வெண்மை. தைப்பொங்கலுக்குக் கோயம்பேட்டுச் சிறப்புச் சந்தையில் குவியும் மஞ்சள் கொத்திலும் மாவட்டங்களின் வியர்வை உண்டு. கைவினைக் கண்காட்சிகளில் நம் அண்டையூராகிய தம்மம்பட்டி மரச்சிற்பங்களைக் காணலாம். முதுவேனிலில் சென்னைப் பழக்கடைக்காரர் ‘சேலத்து மாம்பழம்’ என்று கூவும்போது, “எனக்குன்னு அங்க ஒண்ணுமே இல்லை” என்று சொல்ல நம் மாணவர்க்கு வாய் வருமா?

நகரின்பத்தின் அடியில் உழைப்பு இருப்பதை மறத்தல் ஆகாது. காணும் பொங்கலுக்கு மறுநாள் விடியலில் மெரினாவின் குப்பையைத் திரட்டுவோர் மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்கள். மதுரைக்காஞ்சி காட்டிய வாடிய பூக்களை இன்று அள்ளுவோர் அவர்கள். தான் தின்ற சுண்டலின் தாளைத் தானே குப்பைத்தொட்டியில் இடுபவனே விழாவில் முழுமையாகக் கலந்துகொண்டவன்.

நகரின் துன்பத்தையும் மறைத்தல் ஆகாது. 2015 டிசம்பர் முதல் நாள் பெய்த பேய்மழையில் அடையாற்றங்கரை மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மீண்டும் நகரை நீரில் நிறுத்தியது. அந்நாள்களில் பள்ளிவாசலும் கோயிலும் தேவாலயமும் கதவு திறந்தன. பெயர் அறியாதார் படகு கொண்டு வந்தனர். விழாக்காலத்தில் ஒருவரையொருவர் பார்த்துப் பழகிய தெருவில், வெள்ளக்காலத்தில் எந்த வீட்டில் முதியவர் தனித்திருக்கிறார், எந்த வீட்டில் கைக்குழந்தை உள்ளது என்பது பிறர்க்குத் தெரிந்திருக்கும். சேர்ந்து மகிழும் பழக்கத்தின் பயன் துன்பத்தில் விளங்குகிறது. எனவே நகரின் பொழுதுகளைத் துய்த்தல் வீண்பொழுது ஆகாது; அது குடியுரிமையின் முதற்பாடம்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், நகரின்பம் விலைக்கு வாங்கும் பொருளன்று என்பதும், பொழுதறிந்து சென்று பங்குகொள்வார்க்கே அது வாய்க்கும் என்பதும், பகை மறத்தலும் உழைப்பை மதித்தலும் அதன் இரு தூண்கள் என்பதும், நம் இலக்கியங்கள் அதற்கு வழிகாட்டும் நூல்களாக உள்ளன என்பதும் புலனாகும்.

பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். பிள்ளைகளை வழியனுப்பும்போது ‘பார்த்து இரு’ என்று சொல்லுங்கள். அடுத்த முறை அவர்கள் ஊர் வரும்போது ‘என்ன பார்த்தாய்?’ என்றும் கேளுங்கள். செலவுக்கணக்கு மட்டும் கேட்டால் அவர்கள் அறையை விட்டு வெளியே வரமாட்டார்கள்.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி. நகரில் சேர்ந்த முதற்கிழமையில், நீங்கள் வாழும் தெருவின் ஆறு சிறுபொழுதையும் ஒரு தாளில் எழுதுங்கள். எப்பொழுதில் யார் வருகிறார், என்ன விற்கிறார், எங்கிருந்து ஓசை எழுகிறது என்று குறியுங்கள். ஒவ்வொரு பொழுதிலும் ஒருவரிடமேனும் நின்று பேசி, அவர் ஊரைக் கேளுங்கள். ஆண்டு நிறையும்போது ஆறு பெரும்பொழுதும் அத்தாளில் சேர்ந்துவிடும்.

நாற்பது நாளில் திரும்பிய மாணவரிடம் இப்பயிற்சியைச் சொன்னபோது, “இது தேர்வுல வருமாங்க ஐயா?” என்று கேட்டார். வரும் என்றோம். அவ்வாண்டு ஆவணியில் அவர் மீண்டும் சென்னை சென்றார். சென்ற காணும் பொங்கலன்று எற்பாட்டு வேளையில் நம்மைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் குரலைவிடக் காற்றின் ஒலியே பெரிதாகக் கேட்டது. எங்கே இருக்கிறாய் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. என்ன செய்கிறாய் என்று மட்டும் கேட்டோம்.

“சும்மா பாத்துட்டு இருக்கேனுங்க ஐயா” என்றார்.